அதே வெயில்தானே டீச்சர்?

(பட்டதாரி அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'புற ஊதாக் கதிரால் செல்லின் டி.என்.ஏ.வில் ஏற்படும் சேதத்தை எதிர்ப்பொருள் கொண்டு அளத்தல்.' தலைப்பைப் படித்ததும் முன்வரிசையில் இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். பயப்பட வேண்டாம். டி.என்.ஏ. அமைப்பை நாம் நடத்துகிறோம். எதிர்ப்பொருளை நடத்துகிறோம். எய்ட்ஸ் பாடத்தில் எலைசா சோதனை என்று ஒரு வரி வருகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் போதும், இந்தத் தலைப்பு புரிந்துவிடும். ஆனால் நான் இதைப் படிக்கத் தொடங்கியது பாடத்துக்காக அல்ல. நான் செய்த ஒரு தவறுக்காக. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஆறாம் வகுப்பில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். முகத்திலும் கைகளிலும் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொள்வான். காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு மணி அடித்தால் வரிசைக்கு வராமல் வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்றுகொள்வான். நான்கைந்து முறை சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் கையைப் பிடித்து இழுத்து வந்து முன்வரிசையில் நிறுத்தினேன். "எல்லாரும் நிக்கிற வெயில்தானே, உனக்கு மட்டும் என்ன?" என்று அதட்டினேன். கூட்டம் முடியும்வரை தலையைக் குனிந்துகொண்டே நின்றான்.

இரண்டு நாள் கழித்து அவனுடைய அம்மா வந்தார். சண்டைக்கு வரவில்லை. கையில் வைத்திருந்த மருத்துவமனைச் சீட்டை என்னிடம் நீட்டினார். 'சீரோடெர்மா பிக்மென்டோசம்' என்று தோல் மருத்துவர் எழுதியிருந்தார். பல ஆண்டுகளாக அறிவியல் நடத்தும் எனக்கு அந்தப் பெயர் புதிது. அந்த அம்மா கேட்டார்: "மத்த பிள்ளைங்களும் அதே வெயில்லதானே டீச்சர் நிக்குதுங்க? இவனுக்கு மட்டும் ஏன் இப்படி ஆகுது?"

வார்த்தை ஏறக்குறைய நான் அவனிடம் கேட்டதுதான். ஆனால் அவர் உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து தேடிப் படித்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் வெயிலைப் பார்ப்போம். புற ஊதாக் கதிரை மூன்றாகப் பிரிக்கிறார்கள். 315 முதல் 400 நானோமீட்டர் வரை ஏ வகை, 280 முதல் 315 வரை பி வகை, 100 முதல் 280 வரை சி வகை. சி வகை முழுவதையும் பி வகையில் பெரும்பகுதியையும் வளிமண்டலமும் ஓசோன் படலமும் தடுத்துவிடுகின்றன. மிச்சமுள்ள பி வகையும் ஏ வகையும் நம் தோலில் விழுகின்றன. டி.என்.ஏ. மிக அதிகமாக உறிஞ்சுவது 260 நானோமீட்டர் அளவிலுள்ள ஒளியை. அதற்கு அருகில் இருப்பதால், கொஞ்சமே வந்தாலும் பி வகைக் கதிர் டி.என்.ஏ.வுக்கு ஆபத்தானது.

டி.என்.ஏ.வில் நான்கு காரங்கள் உண்டு. அவற்றில் தைமினும் சைட்டோசினும் பிரிமிடின் வகை. ஒரே இழையில் இரண்டு பிரிமிடின்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது புற ஊதாக் கதிர் பட்டால், அவற்றின் இரட்டைப் பிணைப்புகள் திறந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நடுவில் நான்கு கார்பன்கள் கொண்ட ஒரு சிறு வளையம் உருவாகிறது. இதற்குச் சைக்ளோபியூட்டேன் டைமர் என்று பெயர். இன்னொரு வகையும் உண்டு. ஒரு காரத்தின் ஆறாவது கார்பன் அடுத்த காரத்தின் நான்காவது கார்பனோடு இணைந்துவிடும். அதை ஆறு-நான்கு ஒளிவிளைபொருள் என்கிறார்கள். முதல் வகைதான் அதிகம் உண்டாகிறது.

மாணவர்களுக்கு நான் சொல்லும் உவமை பள்ளிப் பையின் ஜிப். ஜிப்பின் ஒரு பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு பற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? ஓடிவரும் கொக்கி அந்த இடத்தில் சிக்கும். டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியும் அதேபோல் அங்கே தடுமாறும். சில நேரம் தவறான காரத்தைச் சேர்த்துவிட்டுப் போகும். அப்படிச் சேரும் பிழைகள் முக்கியமான மரபணுக்களில் விழுந்தால் புற்றுநோய்க்கு வழி திறக்கும்.

இதை நான் வகுப்பில் நடத்தியபோது ஒரு மாணவி எழுந்து, "ஒட்டிக்கிட்டதை யார் டீச்சர் பார்த்தாங்க?" என்று கேட்டாள். அருமையான கேள்வி. காரங்களின் அளவு ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. நம் பள்ளி நுண்ணோக்கியில் உட்கருவே ஒரு புள்ளியாகத்தான் தெரியும். அதற்குள் கோடிக்கணக்கான காரங்களில் எந்த இரண்டு ஒட்டியிருக்கின்றன என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1960-இல் நெதர்லாந்தில் பியூக்கர்ஸ், பெரண்ட்ஸ் என்ற இருவர் தைமின் கரைசலை உறையவைத்து, அதன்மேல் புற ஊதாக் கதிரைச் செலுத்தி, உண்டான பொருளைப் பிரித்தெடுத்து அது தைமின் டைமர் என்று காட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் செல்களுக்குள்ளும் இது உண்டாவது தெரியவந்தது. 1964-இல் செட்லோவும் கேரியரும், தனியாக பாய்ஸும் ஹோவர்டு-ஃப்ளாண்டர்ஸும், பாக்டீரியா இந்த டைமர்களை டி.என்.ஏ.விலிருந்து வெட்டி வெளியேற்றுவதைக் கண்டார்கள். சேதம் உண்டாகிறது, செல் அதைச் சரியும் செய்கிறது. இந்த இரண்டாவது செய்தி மிகப் பெரியது. மனிதச் செல்களில் இந்த வெட்டி ஒட்டும் வேலை நடக்கும் விதத்தை விளக்கிய அஸீஸ் சான்ஜார், வேறு வகைப் பழுதுநீக்கங்களை ஆராய்ந்த தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச் ஆகியோரோடு 2015-இல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார்.

தொடக்க காலத்தில் டைமரை அளக்க, கதிரியக்கத் தைமிடினைச் செல்லுக்கு ஊட்டி, டி.என்.ஏ.வை அமிலத்தில் சிதைத்து, வண்ணப்பிரிகை முறையில் பிரித்தார்கள். உழைப்பும் அதிகம், கதிரியக்கப் பொருளும் வேண்டும், குறைந்த சேதத்தை அதில் காண்பதும் கடினம். வேறு வழி தேவைப்பட்டது. அந்த வழிதான் எதிர்ப்பொருள்.

எதிர்ப்பொருளின் சிறப்பை நாம் தினமும் நடத்துகிறோம். அது தனக்குரிய வடிவத்தை மட்டும் பிடிக்கும், மற்றதை விட்டுவிடும். அப்படியானால் ஒட்டிக்கொண்ட காரங்களை மட்டும் பிடிக்கிற எதிர்ப்பொருள் கிடைத்தால் அளவிட முடியும் அல்லவா? டி.என்.ஏ.வைத் தனியாகச் செலுத்தினால் விலங்கின் உடல் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. எனவே புற ஊதாக் கதிர் பட்ட டி.என்.ஏ.வை ஒரு புரதத்தோடு சேர்த்துச் செலுத்தினார்கள். 1966-இல் லெவினும் அவருடைய குழுவினரும், கதிர் பட்ட டி.என்.ஏ.வை அடையாளம் காணும் எதிர்ப்பொருள்களை இவ்வாறு பெற்று வெளியிட்டார்கள்.

ஆனால் விலங்கின் இரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்பொருள் ஒரு கலவை. ஒன்று இதைப் பிடிக்கும், இன்னொன்று அதைப் பிடிக்கும். 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே வகை எதிர்ப்பொருளை மட்டும் தொடர்ந்து சுரக்கும் செல்களை உருவாக்கும் முறையைக் கண்டார்கள். இதுவே மோனோகுளோனல் எதிர்ப்பொருள். இதற்காக 1984-இல் நோபல் பரிசும் கிடைத்தது. இந்த முறையைப் பயன்படுத்தி, 1991-இல் ஜப்பானில் மோரி, நிகைடோ ஆகியோரின் குழு இரண்டு வகைச் சேதத்துக்கும் தனித்தனி எதிர்ப்பொருள்களை உருவாக்கியது. ஒன்று சைக்ளோபியூட்டேன் டைமரை மட்டும் பிடிக்கும், இன்னொன்று ஆறு-நான்கு ஒளிவிளைபொருளை மட்டும் பிடிக்கும். இரண்டும் ஒரே எலியிலிருந்து கிடைத்தவை. உலகெங்கும் ஆய்வகங்களில் இன்றும் இந்த எதிர்ப்பொருள்கள் பயன்படுகின்றன.

இனி சோதனையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

தோலிலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்து, அதிலுள்ள செல்களைத் தட்டுகளில் வளர்க்கிறார்கள். எல்லாத் தட்டுகளுக்கும் ஒரே அளவு புற ஊதாக் கதிரைக் கொடுக்கிறார்கள். ஒரு தட்டிலிருந்து உடனே டி.என்.ஏ.வைப் பிரிக்கிறார்கள். அது பூஜ்ஜிய மணி. மற்றத் தட்டுகளை இருட்டில், உடல் வெப்பநிலையில் வைத்திருந்து, உதாரணமாக 6 மணி நேரம், 24 மணி நேரம் கழித்துப் பிரிக்கிறார்கள். கதிர் படாத ஒரு தட்டும் கட்டாயம் இருக்கும். கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாமல் எந்த அளவீடும் இல்லை என்பதை மாணவர்களிடம் சொல்ல இது நல்ல இடம்.

அடுத்து டி.என்.ஏ.வைக் கொதிநிலையில் சில நிமிடம் சூடாக்கி, சட்டென்று பனிக்கட்டியில் வைக்கிறார்கள். ஏன்? இரட்டைச் சுருளில் காரங்கள் உள்பக்கம் திரும்பியிருக்கின்றன. எதிர்ப்பொருள் அவற்றை அணுக வேண்டுமானால் இழைகள் பிரிய வேண்டும். மெதுவாக ஆறவிட்டால் இழைகள் மறுபடி சேர்ந்துவிடும், அதனால்தான் பனிக்கட்டி.

96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் புரோட்டமின் என்ற புரதத்தைப் பூசுகிறார்கள். டி.என்.ஏ.வுக்கு எதிர்மின் சுமை, புரோட்டமினுக்கு நேர்மின் சுமை, அதனால் டி.என்.ஏ. குழியில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு வகைச் சேதத்தை அளக்கும் எல்லாக் குழிகளிலும் ஒரே அளவு டி.என்.ஏ. இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிட்டுப் பயனில்லை. ஆறு-நான்கு வகை குறைவாக உண்டாவதால் அதை அளக்கும் குழிகளுக்குப் பல மடங்கு அதிக டி.என்.ஏ. தேவைப்படும்.

பிறகு காலியிடங்களைச் சீரம் கொண்டு நிரப்புகிறார்கள். சேதத்தைப் பிடிக்கும் முதல் எதிர்ப்பொருளை ஊற்றிக் கழுவுகிறார்கள். ஒட்டியது நிற்கும், ஒட்டாதது போய்விடும். முதல் எதிர்ப்பொருளைப் பிடிக்கும் இரண்டாவது எதிர்ப்பொருளைச் சேர்க்கிறார்கள். அதன் வாலில் ஒரு நொதி இருக்கும். மறுபடி கழுவுகிறார்கள். கடைசியாக அந்த நொதி நிறம் மாற்றக்கூடிய ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தால் குழியில் நிறம் வருகிறது. சேதம் அதிகம் என்றால் நிறம் அடர்த்தி, குறைவு என்றால் வெளுப்பு. கருவி அந்த நிறத்தை எண்ணாக மாற்றித் தருகிறது. எய்ட்ஸ் பாடத்தில் வரும் எலைசாவும் இதே அடிப்படையில்தான் நடக்கிறது. அங்கே தேடுவது வைரஸ் தொற்றின் அடையாளத்தை, இங்கே தேடுவது வெயில் விட்டுச்சென்ற தழும்பை.

இன்னொரு முறையும் உண்டு. அதில் டி.என்.ஏ.வைப் பிரிக்காமல் செல்லை அப்படியே கண்ணாடித் துண்டில் நிலைப்படுத்தி, ஒளிரும் சாயம் இணைத்த எதிர்ப்பொருளைச் சேர்த்து, ஒளிர் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். செல்களின்மேல் சில மைக்ரோமீட்டர் அகலத் துளைகள் கொண்ட பாலிகார்பனேட் படலத்தை வைத்து சி வகைக் கதிரைச் செலுத்துவார்கள். படலம் கதிரைத் தடுக்கும், துளை வழியே மட்டும் கதிர் இறங்கும். அப்போது உட்கருவில் கதிர் பட்ட இடம் மட்டும் பொட்டு வைத்ததுபோல் ஒளிரும். அந்த மாணவி கேட்ட "யார் பார்த்தாங்க" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம்.

இந்தச் சோதனையில் நோயற்ற ஒருவரின் செல்லையும், சீரோடெர்மா பிக்மென்டோசம் உள்ள ஒருவரின் செல்லையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அளந்தால், பூஜ்ஜிய மணியில் இரண்டு குழிகளிலும் நிறம் ஏறக்குறைய ஒன்றுதான். அதே கதிர், அதே சேதம். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நோயற்ற செல்லில் ஆறு-நான்கு வகையில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும். சைக்ளோபியூட்டேன் டைமர் மெதுவாகத்தான் குறையும், 24 மணி நேரத்துக்குப் பிறகும் ஒரு பகுதி மிச்சமிருக்கும். ஆனாலும் நிறம் இறங்கிக்கொண்டே வரும். இந்த நோயின் 'ஏ' பிரிவைச் சேர்ந்தவரின் செல்லிலோ நிறம் இறங்குவதே இல்லை என்னும் அளவுக்கு நிற்கும்.

ஆக, மற்ற பிள்ளைகளின் தோலிலும் அதே வெயில் சேதம் செய்கிறது. அவர்கள் உடல் சேதமான பகுதியைச் சுமார் 30 காரங்கள் நீளத்துக்கு வெட்டியெடுத்து, புதிதாக நிரப்பித் தைத்துவிடுகிறது. இந்தப் பிள்ளையின் உடலில் அந்தத் தையல்காரர் இல்லை. அவனுக்கு வெயில் அதிகம் படவில்லை, பட்டது ஆறவில்லை. 1968-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிளீவர் இந்த நோயாளிகளின் செல்களில் பழுதுநீக்கம் குறைந்திருப்பதைக் காட்டினார். அவர் அளந்தது புதிதாகத் தைக்கும் நூலை. எதிர்ப்பொருள் முறை அளப்பது மிச்சமிருக்கும் கிழிசலை. இரண்டும் ஒரே பதிலைத் தந்தன.

ஆசிரியர்களாகிய நாம் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பூஜ்ஜிய மணி அளவை மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால் இரண்டு செல்களும் ஒன்று என்று எழுதியிருப்போம். வேறுபாடு இரண்டாவது அளவீட்டில்தான் தெரிந்தது. நானும் அந்தப் பையனை வெயில் படும் அந்த நிமிடத்தில் மட்டும்தான் பார்த்தேன். வீட்டுக்குப் போனபின் இரவெல்லாம் அவன் தோல் என்ன பாடுபட்டது என்று பார்க்கவில்லை.

சோதனையின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். நிறம் குறைந்தால் சேதம் சரியாகிவிட்டது என்று உடனே சொல்லலாமா? செல் இரண்டாகப் பிரிந்தால் பழைய சேதம் புதிய டி.என்.ஏ.வோடு கலந்து பாதியாகத் தெரியும். பழுதுநீக்கம் எதுவும் நடந்திருக்காது. அதனால் செல் பிரியாத நிலையில் வைத்தோ, புதிய டி.என்.ஏ.வைப் பிரித்துக் கழித்தோதான் அளக்கிறார்கள். அதேபோல் இந்த நோயில் 'ஏ' முதல் 'ஜி' வரை ஏழு பிரிவுகளும், 'வேரியன்ட்' என்ற தனிப் பிரிவும் உண்டு. வேரியன்ட் பிரிவில் வெட்டி ஒட்டும் வேலை ஒழுங்காக நடக்கும். சேதமான இடத்தைப் பிழையில்லாமல் கடந்து படியெடுக்கும் நொதியில்தான் குறை. எனவே சோதனையில் நிறம் ஒழுங்காக இறங்கியது என்பதால் மட்டும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நோயை உறுதி செய்வது மருத்துவரின் வேலை. மரபணுப் பரிசோதனையும் அதற்கு உதவுகிறது.

வகுப்பறைக்கு மூன்று செயல்பாடுகளைத் தருகிறேன். செலவில்லாதவை.

ஒன்று, கரும்பலகையில் டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளைக் கலந்து ஐம்பது எழுத்து வரிசை ஒன்றை எழுதுங்கள். இரண்டு பிரிமிடின்கள் அடுத்தடுத்து வரும் இடங்களை மாணவர்கள் வட்டமிடட்டும். வெயில் எங்கே தாக்கக்கூடும் என்பது ஐந்து நிமிடத்தில் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

இரண்டு, இரண்டு குழுக்களுக்கும் ஒரு தட்டில் அரிசியோடு நாற்பது புளியங்கொட்டைகளைக் கலந்து கொடுங்கள். கொட்டைதான் சேதம். ஒரு குழு ஒவ்வொரு நிமிடமும் ஐந்து கொட்டைகளை எடுக்கலாம். மற்றக் குழு ஐந்து நிமிடத்துக்கு ஒன்றைத்தான் எடுக்கலாம். நிமிடத்துக்கு நிமிடம் எண்ணி வரைபடம் போடச் சொல்லுங்கள். இரண்டு கோடுகளும் ஒரே புள்ளியில் தொடங்கி விலகிப் போவதைப் பார்த்தபின், "தொடக்கத்தில் மட்டும் எண்ணியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?" என்று கேளுங்கள்.

மூன்று, கடைகளில் கள்ளநோட்டைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் ஊதா விளக்கின் அடியில் ரூபாய் நோட்டை ஆசிரியரே பிடித்துக் காட்டலாம். விளக்கைக் கண்ணுக்கு நேரே காட்டக் கூடாது. சாதாரண வெளிச்சத்தில் தெரியாத குறி ஒளிர்வதைப் பார்த்தால் ஒளிரும் சாயத்தின் பயன் புரியும். ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியில் இருக்கும் கிருமிநாசினி விளக்கை எடுத்துச் சோதனை செய்ய வேண்டாம். அதில் வருவது 254 நானோமீட்டர் சி வகைக் கதிர். ஆய்வகங்களில் செல்லுக்குச் சேதம் உண்டாக்கப் பயன்படுவதும் அதே கதிர்தான். கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல்.

கடைசியாக, நம் பள்ளிகளில் செய்ய வேண்டியது. இந்த நோய் அரிது. ஜப்பானில் சுமார் 22,000 பேருக்கு ஒருவர் என்றும், அமெரிக்காவில் சுமார் பத்து லட்சத்தில் ஒருவர் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். இது ஒடுங்கு மரபணுவால் வருவது. பெற்றோர் இருவரும் அந்த மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் நடக்கும் குடும்பங்களில் இந்த வாய்ப்பு கூடும். மரபியல் பாடத்தில் இதைச் சொல்லலாம். ஆனால் எந்தப் பிள்ளையையும் எந்தத் தாயையும் சுட்டிக்காட்டிச் சொல்லக் கூடாது. இது தொற்றுநோய் அல்ல என்பதை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பக்கத்தில் உட்கார மறுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.

இரண்டு வயதுக்கு முன்பே முகத்தில் புள்ளிகள், கொஞ்ச நேர வெயிலிலேயே தோல் வெந்துபோதல், வெளிச்சத்தில் கண் கூசுதல் இவை இருந்தால் தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோய்க்கு முழுமையான சிகிச்சை இல்லை. ஆனால் வெயிலைத் தவிர்த்தால் தோல் புற்றுநோயைப் பெருமளவு தடுக்கலாம். முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, கண்ணாடி, மருத்துவர் சொல்லும் களிம்பு, வைட்டமின் டி எல்லாம் தேவைப்படும். சன்னல் ஓரம் உட்கார வைக்காதீர்கள். சாதாரணக் கண்ணாடி பி வகைக் கதிரைத் தடுத்தாலும் ஏ வகை உள்ளே வரும்.

எங்கள் பள்ளியில் அந்தப் பையனுக்குச் சன்னலிலிருந்து தள்ளி இடம் மாற்றினோம். வழிபாட்டுக் கூட்டத்தின்போது அவன் வராந்தாவிலேயே நின்று அன்றைய செய்திகளை வாசித்தான். விளையாட்டு நேரத்தில் உள்ளரங்கில் கேரம் குழுவுக்குத் தலைவன் ஆனான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல டீச்சர்" என்றான். அவன் அம்மாவுக்கு இரண்டு வெள்ளைத் தாள்களில் படம் வரைந்து, மேலே நான் சொன்ன பூஜ்ஜிய மணி, 24 மணிக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப நான் வளர்த்ததுல தப்பு எதுவும் இல்லதானே டீச்சர்?" என்றார். இத்தனை நாளும் அவர் மனத்தில் கிடந்த கேள்வி அதுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "இல்லைங்கம்மா" என்றேன். அதை உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு அறிவியல் தெரிந்திருந்தது அன்று.

உங்கள் வகுப்பிலும் ஏதோ ஒரு பிள்ளை தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கலாம். இழுத்து வருவதற்கு முன் ஒருமுறை ஏன் என்று கேளுங்கள்.